ஒரு பூல் க்யூவை எடைபோடுவது

பூல் ஆடும் கோலான க்யூவின் நுனியில் ஒட்டிய தோல்துண்டு, அதாவது டிப், வெள்ளைப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிவேகக் கேமராவில் எடுத்த காட்சிகளில் இதைப் பார்க்கலாம். தோல் லேசாக அமுங்குகிறது, பந்து கிளம்புகிறது, அவ்வளவுதான். அந்த அதிர்வு கைக்கு வந்து, கையிலிருந்து மூளைக்குப் போய், ‘அடடா, நல்லா பட்டுச்சு’ என்று நமக்குத் தோன்றுவதற்குள் பந்து ஒரு சாணாவது தாண்டியிருக்கும்.

க்யூவைப் பற்றி ஆட்டக்காரர்கள் பேசுவதில் பெரும்பகுதி இந்தப் பிந்தி வரும் அதிர்வைப் பற்றியதுதான். ‘ஹிட் நல்லா இருக்கு’, ‘கெட்டியா இருக்கு’, ‘கொஞ்சம் செத்த மாதிரி இருக்கு’ என்பார்கள். எனக்கும் அந்த உணர்வு பிடிக்கும். அது வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கைக்கு இதமாக இருப்பது ஒரு கேள்வி, வெள்ளைப் பந்தை நினைத்த இடத்துக்கு அனுப்புவது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், பலர் க்யூவின் தடித்த பின்பாகமான ‘பட்’டில் பதித்த வேலைப்பாட்டுக்குக் காசைக் கொட்டிவிட்டு, தேய்ந்து வழவழத்துப்போன டிப்போடு வருடக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

புதிதாக க்யூ வாங்கிவரும் தம்பிகள் எங்கள் பார்லரில் முதலில் செய்வது, அதை மேசையில் உருட்டிப் பார்ப்பது. “அண்ணா, ஆடாம உருளுது பாருங்க” என்று முகமெல்லாம் சிரிப்பாக நிற்பார்கள். அடுத்து பந்துகளை அடுக்கி, அவற்றைச் சிதறடிக்கும் பிரேக் அடியை நாலைந்து தடவை அடிப்பார்கள். சத்தம் பெரிதாக வந்தால் க்யூ தேறிவிட்டது.

உருட்டிப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் அது சொல்வது கொஞ்சம்தான். இரண்டு பாகத்தையும் பூட்டிய பிறகு க்யூ தள்ளாடி உருண்டால் மரம் வளைந்திருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. முன்பாகமான ஷாஃப்ட்டும் நேர், பட்டும் நேர், இரண்டும் பூட்டும் இடமான ஜாயிண்ட்டின் முகம் மட்டும் ஒரு மயிரிழை சாய்வாகக் கடையப்பட்டிருக்கலாம். அதனால் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக உருட்டுங்கள். அப்புறம் பட்டைக் கன்னத்தோடு வைத்து, ஒரு கண்ணை மூடி, டிப் வரைக்கும் ஓரத்தைப் பாருங்கள். மெதுவாகச் சுழற்றிக்கொண்டே பார்த்தால் வளைவு எந்தப் பக்கம் என்று கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். நடு ஷாஃப்ட்டில் நூலளவு வளைவு இருந்தால் நான் பயப்பட மாட்டேன். ஆட்டத்தில் அது பெரிதாகத் தெரியாது. டிப்பிலிருந்து ஒரு அடிக்குள் வளைவு இருந்தால் அந்த ஷாஃப்ட்டை வாங்காதீர்கள். க்யூவைத் தாங்கும் பிரிட்ஜ் கைவிரல்களுக்கு நடுவே க்யூ போய்வரும்போது டிப் பந்தின் ஒரே புள்ளிக்குத் திரும்பி வராது.

டிப் விஷயத்துக்கு வருவோம். ஒரு க்யூவை அடித்துப் பார்த்துவிட்டு ‘இது ஸ்பின் நல்லா எடுக்குது’ என்று யார் சொன்னாலும், அவர்கள் பாராட்டுவது பெரும்பாலும் டிப்பைத்தான். க்யூவில் பந்தைத் தொடுவது அது ஒன்றுதான். 1800களின் தொடக்கத்தில் மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் க்யூ நுனியில் தோலை ஒட்டிய பிறகுதான் பந்துக்கு நம்பிக்கையாகச் சுழற்சி கொடுக்க முடிந்தது. இன்று நாம் டிப்பில் தேய்க்கும் சாக் கட்டிக்கு 1897இல் ஸ்பிங்க்ஸ் என்ற ஆட்டக்காரரும் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரும் காப்புரிமை வாங்கினார்கள். அந்தக் கட்டியில் சுண்ணாம்பை விட சிலிக்காவும் கடினமான அரைப்புத்தூளும்தான் வேலை செய்கின்றன. தோலும் சாக்கும் சேர்ந்து பந்தை வழுக்காமல் பிடிப்பதில்தான் பூலின் பாதி வித்தை இருக்கிறது.

அடுத்தவர் க்யூவை வாங்கிப் பார்க்கும்போது டிப்பைத்தான் முதலில் பாருங்கள். ஓரம் பிதுங்கி, டிப்புக்கு அடியில் உள்ள வளையமான ஃபெருலுக்கு வெளியே காளான் மாதிரி விரிந்திருக்கிறதா? மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளக்கிறதா? அப்படியென்றால் சாக் நிற்காது. வளைவைப் பார்க்க ஒரு ரூபாய் நாணயத்தை டிப்பின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் போதும். இரண்டின் வளைவும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். தட்டையாகத் தேய்ந்த டிப்போடு சைடு போட்டால், அதாவது பந்தின் நடுவை விட்டு ஒரு பக்கமாக அடித்தால், பந்தைத் தொடுவது தோலின் விளிம்பு. நாம் குறிவைத்த புள்ளியில் அது படாது. டிப் வழுக்கி மிஸ்க்யூ ஆனதும் க்யூவைக் குறை சொல்வோம்.

மென்மையான டிப் அதிக ஸ்பின் தரும் என்ற பேச்சு எல்லா ஊர் பார்லரிலும் உண்டு. அதை நான் ஏற்க மாட்டேன். பந்துக்கு அதன் வேகத்தோடு ஒப்பிட எவ்வளவு சுழற்சி கிடைக்கும் என்பதை முடிவுசெய்வது, நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறோம் என்பதுதான். டிப் வழுக்காதவரைக்கும் அது மென்மையா கெட்டியா என்பதற்கு அதில் சொல்லத்தக்க பங்கு இல்லை. கெட்டியான டிப்பில் ஆற்றல் கொஞ்சம் குறைவாக வீணாகும், அதனால் அதே வீச்சில் பந்து சற்று வேகமாகப் போகும். மென்மையான டிப் சீக்கிரம் அமுங்கி வடிவம் மாறும், ஆனால் சாக்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு தோல் துண்டில் செய்ததைவிட மெல்லிய தோல்களை அடுக்கி ஒட்டிய ஜப்பானிய டிப்கள் பிரபலமானதற்கு, அவை நாள்பட்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதுதான் காரணம். கூடுதல் மந்திரம் எதுவும் அவற்றில் இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வெள்ளைப் பந்துக்குப் பதிலாக 9 முதல் 15 வரையுள்ள கோடு போட்ட பந்து ஒன்றை எடுங்கள். கோடு செங்குத்தாக, உங்களை நேராகப் பார்க்கும்படி வையுங்கள். அந்தக் கோட்டின் அகலம் பந்தின் விட்டத்தில் கிட்டத்தட்டப் பாதி. அதாவது அதன் ஓரம், நடுவிலிருந்து பந்தின் ஆரத்தில் பாதி தூரத்தில் இருக்கும். மிஸ்க்யூ ஆகாமல் அடிக்கக்கூடிய எல்லையும் சுமார் அவ்வளவுதான். டிப்பில் புதிதாகச் சாக் தேய்த்து, கோட்டின் வலது ஓரத்தைக் குறிவைத்து அடியுங்கள். பந்தைக் கையில் எடுத்து நீல நிறப் பொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அரிசி மணியளவு ஒரு நீலத் திட்டு. ஓரத்தில் அடித்ததாக நினைத்தால் அது கோட்டின் நடுப்பக்கமாக இருக்கும். நல்ல அனுபவசாலிகளுக்கே அப்படித்தான் வரும். ‘இந்த க்யூ அதிகமா சைடு எடுக்குது’ என்று தோன்றும்போதெல்லாம் பொட்டைப் பாருங்கள்; புது க்யூவில் நீங்கள் இன்னும் தள்ளி அடித்திருப்பீர்கள்.

டிப் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு க்யூக்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஷாஃப்ட்டில் உண்மையாக அளக்கக்கூடிய ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதுதான் விலகல், டிஃப்ளெக்‌ஷன். சிலர் ஸ்க்வர்ட் என்றும் சொல்வார்கள்.

பந்தின் நடுவில் அடித்தால் பந்து க்யூ காட்டும் திசையில் போகும். வலது பக்கம் அடித்தால் பந்து க்யூவின் திசையிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் விலகிப் போகும். காரணம் சிக்கலானது இல்லை. டிப் தொட்டிருக்கும் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியிலேயே பந்து சுழலத் தொடங்கிவிடுகிறது. சுழலும்போது டிப்பையும் பக்கவாட்டில் தள்ளுகிறது. டிப்பைத் தள்ள எவ்வளவு விசை வேண்டுமோ, அதே விசை எதிர்ப்பக்கமாகப் பந்தின் மேல் விழுகிறது. நுனி கனமாக இருந்தால் தள்ள அதிக விசை வேண்டும், பந்து அதிகமாக விலகும். நுனி லேசாக இருந்தால் விலகல் குறையும்.

நுனி என்று சொல்வது எவ்வளவு நீளம்? பக்கவாட்டு அசைவு ஷாஃப்ட்டில் பரவ நேரம் எடுக்கும். டிப் பந்தை விட்டுப் பிரிவதற்குள் டிப்புக்குப் பக்கத்தில் உள்ள ஐந்தாறு அங்குலம்தான் இந்தச் சங்கதியில் பங்கெடுக்க முடியும். 58 அங்குல க்யூவில் மீதி முழுவதும், அதாவது கருங்காலியில் செய்த முன்கை எனப்படும் பட்டின் முன்பகுதியும், முத்துச்சிப்பி பதித்த பட்டும், விலையுயர்ந்த ஜாயிண்ட்டும், பந்து எந்தத் திசையில் கிளம்ப வேண்டும் என்பதில் ஏறக்குறைய எந்தப் பேச்சும் பேசுவதில்லை. க்யூவை எடைபோடுவதில் இதைவிட முக்கியமான தகவல் ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

விலகல் சிறியதுதானே என்று தோன்றலாம். சாதாரண மேப்பிள் ஷாஃப்ட்டில் முழு சைடு போட்டால் இரண்டு டிகிரி வரைக்கும் எளிதாக வரும். நாலு அடி தூரத்தில் அது நாலு சென்டிமீட்டருக்கு மேல். பூல் பந்தின் விட்டமே 57 மில்லிமீட்டர்தான். குறிவைத்ததற்கு முக்கால் பந்து தள்ளிப் போய் அடிக்கிறோம். ஆகவே சைடோடு ஆடும் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, இதற்குச் சரிக்கட்டித்தான் குறிவைக்கிறார்கள்.

1990களில் பிரடேட்டர் போன்ற நிறுவனங்கள் இதை மையமாக வைத்தே ஷாஃப்ட் செய்யத் தொடங்கின. மரத்தைத் துண்டுகளாக்கி ஒட்டி, நுனியில் துளைபோட்டு, ஃபெருலைச் சிறிதாகவும் லேசாகவும் ஆக்கினார்கள். அடித்துச் சோதிக்க ஒரு இயந்திரத்தையும் வைத்திருந்தார்கள். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்த டேவிட் அல்சியட்டோரே இந்த விஷயங்களை அளந்து, படம் பிடித்து, விளக்கி எழுதியிருக்கிறார். ஷாஃப்ட்டின் நுனியில் சிறு எடையைக் கட்டி அடித்தால் அதே க்யூவில் விலகல் கூடுவதை யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

நீங்களே அளந்து பார்க்க: வெள்ளையை மேசையின் நீளவாட்டு நடுக்கோட்டில் குறித்த ஒரு புள்ளியிலும் இன்னொரு பந்தை எதிர்ப் புள்ளியிலும் வையுங்கள். ஒன்பது அடி மேசையில் இரண்டுக்கும் நடுவே 50 அங்குலம் இருக்கும். முதலில் நடுவில் அடித்து, எதிர்ப்பந்து நேராகப் பின்சுவருக்குப் போகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்புறம் க்யூ முழுவதையும் இணையாக ஒரு டிப் அகலம் வலப்பக்கம் நகர்த்தி, திசையைத் துளிகூட மாற்றாமல், கொஞ்சம் வேகமாகவே அடியுங்கள். எதிர்ப்பந்து எவ்வளவு ஓரமாகப் போகிறதோ அவ்வளவு விலகல். இடப்பக்கமும் செய்யுங்கள். பிறகு க்யூவைக் கையில் கால்வட்டம் திருப்பிவிட்டு மறுபடி செய்யுங்கள். ஒற்றை மரத்தில் கடைந்த சில ஷாஃப்ட்களில் மரத்தின் ரேகை எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து விடை மாறும். அது எனக்குப் பெரிய குறை. விலகல் அதிகமாக இருந்தால் பழகிக்கொள்ளலாம், க்யூவை எந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடிக்கிறோம் என்பதற்கு ஏற்ப மாறினால் எதைப் பழகுவது?

வேகமாக அடியுங்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. க்யூ எப்போதும் மேசைக்கு முழுக்கக் கிடையாக இருப்பதில்லை. பட் பக்கம் கொஞ்சம் உயர்ந்தே இருக்கும். அப்படி சைடு போட்டால் பந்து முதலில் ஒரு பக்கம் விலகி, துணியின் உராய்வால் மறுபக்கம் வளைந்து திரும்பும். மெதுவான அடியில் இந்த வளைவு விலகலை மறைத்துவிடும். சென்னையின் ஈரக்காற்றில், ஏசி சரியாக ஓடாத அறையில், துணி கனத்து உராய்வு கூடியிருக்கும். அங்கே பழைய ஷாஃப்ட் ஒன்று அருமையாக ஆடுவதுபோல் தெரியும். அதே க்யூவைப் புதுத்துணி போட்ட மேசைக்கு எடுத்துப் போனால் நிலைமை வேறு.

குறைவான விலகல் இருந்தால்தான் நல்ல க்யூ என்று இதற்கு அர்த்தம் இல்லை. 1954இல் ஒகையோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் அமெரிக்க ஆட்டக்காரர் வில்லி மோஸ்கோனி தொடர்ச்சியாக 526 பந்துகளைப் போட்டார். அப்போது இந்த வகை ஷாஃப்ட் எதுவும் கிடையாது. அவர் கையில் இருந்தது சாதாரண மேப்பிள். அவருக்குத் தன் க்யூ எவ்வளவு விலகும் என்பது ரத்தத்தில் ஊறியிருந்தது. பத்து வருடமாக ஒரே ஷாஃப்ட்டோடு ஆடும் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், மாற்ற வேண்டாம் என்றே சொல்வேன். புதிதாகத் தொடங்குபவருக்குக் குறைந்த விலகல் உதவும், ஏனென்றால் சரிக்கட்ட வேண்டிய அளவு குறைகிறது. குறிபார்ப்பதில் வரும் சிறு பிழைகளும் அதற்கேற்பச் சுருங்குகின்றன.

சரி, கைக்கு வரும் உணர்வு? அதற்கு உரிய இடத்தை நான் தருகிறேன். அடுத்த அடியைத் திருத்த நமக்குக் கிடைக்கும் செய்தி அது. நடுவில் பட்டதா, கொஞ்சம் கீழே பட்டதா, வீச்சு முழுசாக முடிந்ததா என்பதெல்லாம் சத்தத்திலும் அதிர்விலும் வருகின்றன. மங்கலாகச் செய்தி தரும் க்யூவோடு கற்றுக்கொள்வது கடினம். தெளிவான, குட்டையான ‘டக்’ வேண்டும். க்யூவைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, ஜாயிண்ட்டுக்கு மேலே இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, பட்டின் அடி ரப்பரை உள்ளங்கையால் தட்டுங்கள். ‘ஸ்ஸ்’ என்று ஒரு ரீங்காரம் கேட்டால் உள்ளே எடைப் போல்ட் தளர்ந்திருக்கலாம், ஏதோ ஒரு வளையம் பசைவிட்டிருக்கலாம். எடைப் போல்ட் என்றால் முறுக்கி இறுக்கிவிடலாம். வளையம் என்றால் செலவு.

ஜாயிண்ட் வகையைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எஃகா, மரத்தோடு மரமா, எத்தனை திருகுமறை என்று. நாங்கள் நண்பர்கள் சேர்ந்து ஜாயிண்ட்டைத் துணியால் சுற்றிவிட்டு அடித்துப் பார்த்தோம். எது எது என்று யாராலும் திடமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு முகமும் இடைவெளியில்லாமல் பொருந்தி, பூட்டிய பிறகு கீறலோ விரிசலோ இல்லாமல் இருந்தால் எனக்குப் போதும்.

எடை 19 அவுன்ஸ் பக்கம் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரிவரும். ஒரு அவுன்ஸ் இப்படி அப்படி இருந்தாலும் ஒரு வாரத்தில் கை பழகிவிடும். சமநிலைப் புள்ளி, பட்டின் அடியிலிருந்து பதினெட்டு, பத்தொன்பது அங்குலத்தில் இருப்பது வழக்கம். டிப் அகலத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஸ்னூக்கரிலிருந்து வருபவர்கள் நம் ஊரில் அதிகம். அந்த ஆட்டத்தின் விதிகள் ஊட்டி கிளப்பில் எழுதப்பட்டவை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு. பத்து மில்லிமீட்டருக்கும் குறைவான டிப் உள்ள ஆஷ் மர க்யூவில் பழகிய கைக்குப் பூலின் 13 மில்லிமீட்டர் தடிமனாகத் தோன்றும். 12.4 அல்லது 11.8 மில்லிமீட்டரில் வரும் ஷாஃப்ட்கள் அவர்களுக்கு நல்ல இடைவழி. ஆனால் மெல்லிய டிப்பில் சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும் என்பதை மனதில் வையுங்கள்.

ஷாஃப்ட் டிப்பிலிருந்து ஒரு அடி தூரம் ஒரே தடிமனில் போகிறதா, டிப்பிலிருந்தே தடித்துக்கொண்டு போகிறதா என்பதையும் பாருங்கள். விரல் வளையத்துக்குள் க்யூ விட்டு ஆடுபவருக்கு முதல் வகைதான் ஒத்துவரும். முன்னுக்குத் தள்ளும்போது வளையம் விரிய வேண்டியிருக்காது. விரல் வளையம் இல்லாத திறந்த பிரிட்ஜில் ஆடுபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

மரமா, கார்பனா என்ற கேள்விக்கு வருகிறேன். கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு இது வெறும் ரசனைக் கேள்வி இல்லை. மேப்பிள் ஈரத்தை உறிஞ்சும், ரேகை எழும்பி, விரலில் சொரசொரக்கும், ஷாஃப்ட் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியில் துடைத்து, காய்ந்ததும் மிக நைசான உப்புத்தாளால் ஒரு தடவை இழுத்துவிட்டால் சரியாகும். ஆனால் ஒவ்வொரு தடவையும் மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, டிப் பக்கத்து விட்டமும் மாறுகிறது. கார்பன் ஷாஃப்ட் வளையாது, ஈரம் குடிக்காது, மேசை ஓரத்தில் இடித்தாலும் எளிதில் பள்ளம் விழாது. சத்தம் வேறுமாதிரி இருக்கும், கொஞ்சம் உள்ளீடற்ற சத்தம். எனக்கு மேப்பிளின் சத்தம்தான் பிடிக்கும். ஆனாலும் ராயபுரத்திலோ தூத்துக்குடியிலோ இருக்கும் ஒருவருக்கு நான் கார்பனைத்தான் சொல்வேன்.

ஜார்ஜ் பலபுஷ்கா என்று ஒருவர் இருந்தார். ரஷ்யாவில் பிறந்து, நியூயார்க் புரூக்ளினில் 1959இலிருந்து 1975இல் இறக்கும்வரை க்யூ செய்தவர். அவருடைய க்யூக்கள் இன்று சேகரிப்பாளர்களிடம் பெரும் தொகைக்குக் கைமாறுகின்றன. முன்கைக்கான மரத்துண்டுகளைப் பெரும்பாலும் பிறரிடம் வாங்கி, அதில் தன் பொருத்தல் வேலையைக் காட்டினார். ஜாயிண்ட்டின் துல்லியம், ஐரிஷ் லினன் பிடி, ஒரு இடத்திலும் இளகாத ஒட்டு. அந்தக் கைவேலையை நான் மனதார மதிக்கிறேன், அதற்குத் தரும் விலையும் நியாயம்தான். ஆனால் அந்த விலை மரத்துக்கும் கைக்கும் தரப்படுவது. பந்தைப் பொறுத்தவரை கணக்கு வேறு.

ஆகையால் கையில் இருப்பது பதினைந்தாயிரம் ரூபாய் என்றால், நேராக இருக்கும் ஒரு எளிய பட், அதில் பூட்டக்கூடிய நல்ல ஷாஃப்ட், அதன்மேல் ஒரு நடுத்தரக் கெட்டியில் அடுக்குத் தோல் டிப், டிப்பைச் சரியாக ஒட்டத் தெரிந்த ஒருவருக்குக் கூலி, இந்த வரிசையில் யோசியுங்கள். பட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போது மறை எந்த வகை என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் ஷாஃப்ட் மாற்ற அது தேவைப்படும். கடையில் மேசை இருந்தால் வெள்ளை மோதிய இடத்திலேயே நிற்கும் ஸ்டாப் ஷாட் ஒன்று, மோதிவிட்டுப் பின்னால் வரும் ஸ்க்ரூ ஒன்று, இரண்டு பக்கமும் சைடு, இவை போதும். பிரேக் அடித்துக் காட்டச் சொன்னால் பணிவாக மறுத்துவிட்டு, கோடு போட்ட பந்து ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.